ஸ்டெப்னியைத் தனியாக வைத்த கதை

இந்த நாட்டில் தாயாரைக் கடையில் வைத்து விற்கிறார்கள். வந்த புதிதில் சுங்கைப் பட்டாணி கடைத்தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நான் அப்படித்தான் திகைத்து நின்றேன். மலாய்மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'கெடாய் தாயார்' என்று வந்தது. கெடாய் என்றால் கடை, அதுவரைக்கும் தெரியும். தாயாருக்கு எதற்குக் கடை? என் வீட்டுக்காரர் நடுத்தெரு என்றும் பார்க்காமல் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார், அது டயராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் டயர் என்பேன், அவர் தாயர் என்பார். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் நாமக்கல்காரி. எங்கள் அண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கிருந்து கல்யாணமாகி வந்து சேர்ந்தது புக்கிட் செலம்பாவ் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கு. வீட்டில் நாங்கள் இருவரும் அத்தையும்தான். அத்தை, அதாவது இவருடைய அம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்த மனுஷி. இப்போது சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். காலும் வலுவில்லை, சக்கர நாற்காலிதான். எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போகிற செம்மண் பாதை மழைக்காலத்தில் களியாகிவிடும். அதில் கார் இறங்கினால் இறங்கியதுதான். இவர் கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜப்பான் ஜீப் ஒன்றுதான் நாலு சக்கரமும் இழுத்து வெளியே வரும்.

அந்த ஜீப்பின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். அதன் முதுகிலேயே ஸ்பேர் டயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். இவர் போதாக்குறைக்கு இன்னும் பெரிய டயராக மாற்றி வைத்திருந்தார். குண்டும் குழியுமான பாதையில் அது ஆடி ஆடி, கீல் விரிசல் விட்டு, கதவு ஒரு பக்கமாக இறங்கிப்போனது. ஒருநாள் சிகிச்சை நிலையத்தின் வாசலில் போய் நிற்கிறோம், கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது. நாற்காலி உள்ளே, அத்தை முன்சீட்டில், நான் கதவோடு மல்லுக்கட்டுகிறேன். மலாய்க்காரக் காவலாளி ஓடி வந்து, "பிந்து ரோசாக், கா?" என்று அக்கறையாகக் கேட்டார். யாரோ பிந்து ரோசா என்று நினைத்துவிட்டார் போல என்று எண்ணி, "நோ, நோ, செல்வி" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் கேட்டது கதவு பழுதா என்றுதான். அந்த மனுஷன் இன்றைக்கும் என்னை ரோசா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

அன்று மாலை இவர் வண்டியை விற்றுவிடலாம் என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், மனசில்லாமல்தான். எனக்குப் பொறுக்கவில்லை. கதவு பாரம் தாங்கவில்லை என்றால் பாரத்தைத்தான் இடம் மாற்ற வேண்டும். பின்பம்பரில் ஒரு மூலையில் கீல் வைத்து, இரும்புக் கை ஒன்று பூட்டி, டயரை அதில் மாட்டினால் ஆயிற்று. முதலில் கை விலகும், பிறகு வெறும் கதவு திறக்கும். நான் சொன்னதும் இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டறைச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் ஐயா நான், வெல்டிங் அடித்த இடத்தில் கசடு தட்டுவதுதான் எனக்கு லீவுநாள் விளையாட்டு. எங்கள் ஊர் லாரிகளில் ஸ்பேர் டயர் அடியில் சேஸிஸில் தொங்கும். அதற்கு எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான், ஸ்டெப்னி. "ஸ்டெப்னிய உருட்டிட்டு வா புள்ள" என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் என்னை வேலை வாங்குவார்.

மறுநாளே அண்ணனுக்கு போன் போட்டேன். "ண்ணா, இவரோட ஸ்டெப்னி பெரிய தலவலியா இருக்குதுங்ண்ணா. இவரு விடவும் மாட்டேங்கறாரு, நம்மாலயும் தாங்க முடியல. தனியா வெச்சிட்டாத்தான் எல்லாருக்கும் நிம்மதி" என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினேன். பக்கத்து அறையில் அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தார். காதை மூடவில்லை.

உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பது எனக்கும் தெரியாததில்லை. ஆனால் பட்டறையில் பிறந்தவளுக்கு முதலில் டயர்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கேயோ கதை வேறு. டயரை இவர்கள் தாயர் என்றே சொல்லிப் பழகியவர்கள். ஸ்டெப்னி என்ற சொல் நம் சினிமா வழியாகத்தான் இங்கே வந்து சேர்ந்தது. வரும்போது டயரைக் கரையிலேயே விட்டுவிட்டு, சின்னவீட்டை மட்டும் கப்பல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது.

அத்தை மகனிடம் பேசுவதை நிறுத்தினார். மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்கு, வால் இவருக்கு. இவர் என்ன தப்பு செய்தேன் என்று என்னிடம் கேட்டார். வெயிலாக இருக்கும் என்றேன். சிகிச்சை நிலையத்தில் என்னைப் பார்த்தாலே நர்சுகள் குரலைத் தாழ்த்தினார்கள். பக்கத்துப் படுக்கையில் சிகிச்சைக்கு வருகிற அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, தைரியமாக இரு, எல்லாவற்றையும் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார். இந்த ஊர்க்காரர்கள் ஒரு ஜீப் கதவுக்காக இவ்வளவு உருகுகிறார்களே என்று எனக்குப் புல்லரித்துப் போனது.

வேலை மணியம் அண்ணனின் பட்டறையில் நடந்தது. அவர் வீட்டுக்கு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர், இவருக்கு நெடுநாள் சிநேகம். சொன்னது புரிந்தது என்று தலையாட்டிவிட்டு கேட் மாதிரியே செய்துவிட்டார். மெல்லிய பம்பரைக் கழற்றிக் கனத்த இரும்புச் சேனல் போட்டது சரி, சதுரக் குழாயில் கை செய்ததும் சரி. கீல் மட்டும் வீட்டு கேட் கீல். டயரை மாட்டியதும் கையின் நுனி தொங்கிப்போய்க் கொண்டியில் விழ மறுத்தது. நானும் எந்த மாதிரிக் கீல் என்று வாயே திறக்கவில்லையே, பிறகு அவரைச் சொல்லி என்ன? போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நாமக்கல் அண்ணன், சக்கரம் சுற்றுகிற ஹப்பையே பேரிங்கோடு கீலாக வைக்கச் சொன்னார். மணியம் அண்ணன் பழைய சாமான் கடையில் ஒரு சின்னக் காரின் பின்சக்கர ஹப்பைத் தேடிப் பிடித்தார்.

வண்டி பட்டறையில் நின்ற அந்த நாட்களில் நல்லவேளையாக மழை இல்லை. வாடகைக் காரில்தான் போனோம். ஓட்டுநர் மலாய்க்காரர். பின்சீட்டில் என் பக்கத்தில் அத்தை. பாதி வழியில் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த ஸ்டெப்னி எந்த ஊரும்மா?"

"ஜப்பானுங்க அத்தை."

அத்தை ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "வயசு?"

"ஆயிருச்சுங்க. அங்கங்க வெடிப்பு விட்டிருக்குது. ஆனா இவருக்கு விட மனசில்ல."

"உன்னைக் கட்டறதுக்கு முன்னுக்கேவா?"

"முன்னயே இருக்குதுங்களே. மணியம் அண்ணனுக்கும் தெரியும். தனியா வெக்கறதுக்கு அவருதான் எல்லா ஏற்பாடும் பண்றாரு."

"இது முடிஞ்சதும் நாமக்கல் போறேன்னு அண்ணன்கிட்ட சொன்னியே."

"ஆமாங்க, போகணும்." ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரலாம் என்ற நினைப்பில் சொன்னேன். மெர்போக் பக்கம் இப்படித்தான் இந்தியாவிலிருந்து வந்த மருமகள் ஒருத்தி ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"நீ போவாதம்மா. அவன் போவட்டும்லா. வீடு எம்பேர்லதான் இருக்கு. நீ எங்கூட இரு."

ஓட்டுநர் பதறிப்போய், "சியாப்பா மெனிங்கால்?" என்றார். யார் இறந்தது என்று கேட்கிறார். அந்த ஒரு நொடியில்தான் எனக்கு எல்லாம் உறைத்தது. "தாயர்" என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. இறந்தவர் பெயரே அதுதான் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் மிகவும் வருத்தப்பட்டு டிஷ்யூ டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நான் சிரிக்கிறேன், அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், அத்தை எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னும் பலமாக அழுகிறார். திரும்பும்போது பட்டறையில் நிறுத்தி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், சுவரில் சாய்த்திருந்த டயரைக் காட்டினேன். இதுதானுங்க அத்தை. அத்தை விரலை மடக்கி அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "இதுக்குப் போயா அத்தன பேருகிட்டயும் அழுதேன்" என்றார். பிறகு மணியம் அண்ணனைப் பார்த்து, உன்னைத் திட்டாத திட்டெல்லாம் திட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பரவாயில்லை என்றார்.

வண்டி தயாராகி முதல் நாள் போனபோது சிகிச்சை நிலையமே ஜன்னலில் நின்றது. நான் கொண்டியை எடுத்துவிட்டு ஒரு விரலால் தள்ளினேன். அவ்வளவு பெரிய டயர் சத்தமில்லாமல் விலகி நின்றது. வெறும் கதவு லேசாகத் திறந்துகொண்டது. நாற்காலி இறங்கியது. அத்தை எல்லோரையும் பார்த்து, "இதுதான் எம் மவன் ஸ்டெப்னி" என்று அறிமுகம் செய்தார். எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல, என் கல்யாணத்தன்று கூட அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

அதற்குப் பிறகு நாமக்கல் போனேன். அத்தை தடுக்கவில்லை. போய்விட்டு வா என்று ஒரு தடவை சொன்னார், வாசலில் மறுபடியும் ஒரு தடவை சொன்னார். ஊரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அண்ணி ஆக்கிப்போட்டாள், நான் தூங்கினேன், பட்டறையில் போய் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொன்னேன். இரண்டாவது வாரம் அத்தையிடமிருந்து போன். டயர் மாட்டிய கை கீச் கீச்சென்று சத்தம் போடுகிறது, உன் புருஷனுக்கு கிரீஸ் வைக்கத் தெரியவில்லை, நீ வந்து பார்த்தால்தான் ஆகும் என்றார். கேளு என்று மகனை விட்டுத் திறந்து மூடச் சொல்லிப் போனைப் பக்கத்தில் பிடித்தார். நான் காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. கிளம்புமுன் அந்த ஹப்பில் கிரீஸை நிறைத்துவிட்டு வந்தவளே நான்தான்.

"கேக்குதா?" என்றார் அத்தை.

"நல்லாக் கேக்குதுங்க அத்தை" என்றேன்.

போனை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். குனிந்து, டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற வேண்டும் ண்ணா, ஊருக்குப் போகணும் என்றேன். அவர் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, ஊர்லதான இருக்கற?"