மெர்வின் பார்க்கக் கூடாத ஆட்டம்

ஏப்ரலில் கோப்பைச் சுற்று ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்கள் சவரம் செய்வதில்லை. ஐஸ் ஹாக்கியில் எங்கள் மாகாணத்து அணி வெளியேறும்வரை தாடிதான். வழக்கமாக இரண்டு வாரத்தில் வெளியேறிவிடும், முகமும் மானமும் சேர்ந்தே வழிக்கப்பட்டுவிடும். இந்த வருஷம் வெளியேறவே இல்லை. ஜூன் பிறந்தபோது அணி இறுதித் தொடரில் நின்றது. வங்கி மேலாளர், பல் டாக்டர், சவப்பெட்டிக் கடைக்காரர் எல்லாரும் பண்டாரக் கோலத்தில் திரிந்தார்கள். கார்களில் கொடி, நாய்களுக்குச் சட்டை, மாதா கோயில் மணிக்கூண்டில்கூட அணியின் நீலத் துணி. இத்தனைக்கும் நடுவில் ஊர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். மெர்வின் கோவலின் கண்ணுக்கு.

மெர்வின் என் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசமாட்டார். அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஆட்டத்தையும் பாதியில் விட்டு எழுந்து போகாத ஒரே ஆள் அவர்தான். ஏழு கோல் வாங்கிய அன்றும் கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று எழுந்தவர். இப்போது கொடி கட்டிக்கொண்டு அலைகிறவர்களில் பாதிப் பேர் அப்போது எங்கே போயிருந்தார்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் என் பெயரும் அடிபடும்.

வினை அவருடைய மைத்துனர் லைலின் வீட்டு சோபாவில் ஆரம்பித்தது. முதல் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களையும் மெர்வின் அங்கே உட்கார்ந்து பார்த்தார், இரண்டும் தோல்வி. மூன்றாவது அன்று பேருந்து சேற்றில் மாட்டிக்கொண்டதால் அவர் வரவில்லை, ஜெயித்தோம். நான்காவது அன்று தாமதமாக வந்து, வாசலில் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் இரண்டு கோல் வாங்கினோம். லைல் எழுந்து நின்றுவிட்டார். பீர் எடுத்து வரச் சொல்லி மெர்வினை நிலவறைக்கு அனுப்பினார், நாங்கள் கோல் போட்டோம். மேலே கூப்பிட்டார், அவர்கள் போட்டார்கள். மறுபடி கீழே அனுப்பினார், நாங்கள் போட்டோம். விஞ்ஞானமே நிரூபித்த பிறகு யார் என்ன செய்ய முடியும்? மெர்வினுக்கு ராசியில்லை என்று முடிவாகிவிட்டது.

லைல் இதை வானொலிக்குத் தொலைபேசியில் சொல்ல, மாகாணம் முழுக்கப் பரவியது. மெர்வின் காபிக் கடைக்குள் நுழைந்தால் டிவியை அணைத்தார்கள். பேருந்துக் குழந்தைகள் ஏறும்போதே ஹாக்கி வீரர் படங்களைப் பைக்குள் ஒளித்தார்கள். அவர் வீட்டு டிவியை லைல் 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆட்டம் தவிர எல்லாம் ஜெயம். தோற்ற அந்த ஒன்றுக்கும் காரணம் கிடைத்தது. பெட்ரோல் பங்க்கில் மெர்வின் அணியின் கொடியை வெகுநேரம் உற்றுப் பார்த்தாராம்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தது அவர் மனைவி டார்லீன் மட்டும்தான். தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள். "என் புருஷன் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா எங்க வீட்டுப் புல்வெட்டி எப்பவோ ஓடியிருக்குமே" என்று தபால்தலை கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொல்வாள். வரிசையில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இறுதித் தொடருக்கு இரண்டு நாள் முன்னால்தான் விஷயம் முற்றியது. எதிரணி, எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் பனைமரம் நிற்கிற ஊர்க்காரர்கள். பனிக்கட்டியைப் பானத்தில் மட்டுமே பார்த்தவர்கள். அந்த ஊர் வானொலிக்காரன் மெர்வினை நேரலையில் கூப்பிட்டு, முதல் ஆட்டத்துக்கு முன்வரிசையில் இருக்கை, விமானம், கடற்கரை ஓட்டல் எல்லாம் இலவசம், வந்து நன்றாகக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டுப் போங்கள் என்றான். வாழ்நாளில் ஒரு இறுதி ஆட்டத்தையும் நேரில் பார்த்திராத மனுஷன். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மெர்வின், "நான் எங்க ஆளுங்க கூடத்தான் பார்ப்பேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மேயரம்மா ஹில்டா தலைமையில் தெருவே நீல கேக்கோடு அவர் வீட்டு வாசலில் நின்றது. மேயரம்மா தியாகம், மண்பற்று என்றெல்லாம் பேசிவிட்டு, ஊர் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். மெர்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு மச்சான் வீட்டு சோபாவுல ஓரமா ஒரு இடம் குடுங்க. போதும்."

மேயரம்மா கேக்கைப் பார்க்க ஆரம்பித்தார். லைல் தாடியைச் சொறிந்தார்.

"அதைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளு, மாப்ளே."

மெர்வின் முகம் சிவந்துபோய், அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். டிவி போன நாளிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கொட்டகையில் நிற்கிற பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, கைபேசியில், தனியாக.

"நான் பார்த்துத்தான் ஜெயிச்சீங்க எல்லாரும். ராசியாவது மண்ணாங்கட்டியாவது."

நியாயப்படி அங்கே கதை முடிந்திருக்கவேண்டும். டார்லீன் கைகூடத் தட்டினாள். லைல் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"அந்த ஒரு ஆட்டம் தோத்தோமே, அதையும் பார்த்தியா?"

"இல்ல. அன்னைக்கு போன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சு."

பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு இதுதான் கதி. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அப்புறம் கேள்விகள் ஆரம்பமாயின. எந்தப் பக்கத்து இருக்கை? கண்ணாடி இறக்கியிருந்ததா? என்ன சாப்பிட்டார்? தம்மேல் இத்தனை அக்கறை காட்டுகிறார்களே என்ற சந்தோஷத்தில் மெர்வின் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஓட்டுநர் இருக்கை. பாதி இறக்கியிருந்தது. வறுத்த சூரியகாந்தி விதை, தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவது. சொல்லி முடித்தபோதுதான், தன்னைத் தானே வண்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. சோபாவில் அந்த ஓரத்து இடத்தை மேயரம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம், வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே, லைல் இரண்டு சார்ஜர்களும் ஒரு மூட்டை சூரியகாந்தி விதையும் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். கொட்டகை வாசலில் பல் டாக்டரைக் காவலுக்கு நிறுத்தினார், மெர்வின் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. உலகமே காத்திருந்த ஆட்டத்தை டாக்டர் பார்க்க முடியாது. மெர்வினைத்தான் பார்க்கவேண்டும். அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

லைல் வீட்டுக்குப் புறப்பட்ட டார்லீன், ஒரு தட்டில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வெங்காயமும் வைத்துக்கொண்டு வண்டியருகே போனாள். நானும் கூடப் போனேன். மெர்வின் பக்கத்து இருக்கையில் கிடந்த சாமான்களை ஏற்கெனவே பின்னால் தள்ளி இடம் பண்ணியிருந்தார்.

"ஏறு, டார்லீன். நாம ரெண்டு பேரும் பார்ப்போம்."

அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். திறப்பாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதமாக ஊரையே கேலி செய்தவள் ஆயிற்றே. கைபேசியில் தேசிய கீதம் ஆரம்பித்தது. அவள் கை அப்படியே நின்றது.

"இதுவரைக்கும் தனியாத்தானே பார்த்த?"

அவள் தட்டை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தாள், ஒரு நொடி யோசித்தாள், திரும்ப எடுத்துக்கொண்டாள். வண்டிக்குள் அவர் இதுவரை கொழுக்கட்டை தின்றதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நாலு எட்டு நடந்தவள் திரும்பி நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கறாராகத்தான் வந்தது.

"கண்ணை மட்டும் எடுத்துடாதே, மெர்வ்."