பனையளவு அலை

ஐம்பத்திரண்டு வயதிலும் கவிதை ஆசை விடாதவர்கள் அடுத்தவருடைய வீசா காகிதத்தில் கை வைக்கக் கூடாது. நான் வைத்தேன்.

லிட்கம் என்ற புறநகரில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருப்பவன் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். ஊரிலிருந்து படகில் இந்த நாட்டுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவுகளுக்கு வந்து சேர்ந்தவன். இத்தனை வருடமாகியும் தற்காலிக வீசாதான். அவனுடைய அகதிக் கோரிக்கைக்கான வாக்குமூலத்தை எழுதித் தருவதாக நானாகவே சொன்னேன். கடல் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, வள்ளம் சரியான ஆட்டம் என்றான். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. ‘பனையளவு உயர்ந்த அலைகள்’ என்று எழுதினேன். நம்மவர்கள் பனையளவு என்றால் யாரும் ஏணி வைத்து அளப்பதில்லை. ஆனால் மொழிபெயர்த்தவர் நேர்மையான மனிதர். மரத்தின் உயரத்தை அப்படியே ஆங்கிலத்தில் நட்டுவிட்டார்.

விசாரணையன்று துணைக்குப் போய் அவன் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். குடிவரவு அதிகாரி ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். அவன் வந்து சேர்ந்த வாரம் அந்தத் தீவுகளைச் சுற்றி இருந்த வானிலையின் பதிவு. தென்கிழக்குக் காற்று, இடையிடையே மழை, அலை ஒன்றரை மீற்றர். கடல் நிலை: மிதம். அப்படியானால் வாக்குமூலத்தில் வேறு எவையெல்லாம் மிகை என்று கேட்டார். ஊரில் அவனைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்த பக்கங்களும் அதே வாக்குமூலத்தில்தான் இருந்தன. அவற்றில் நான் ஒரு சொல்லும் சேர்த்திருக்கவில்லை.

மிதமாம். யாருக்கு மிதம்? இரும்புக் கப்பலின் மேல்தளத்தில் கோப்பி குடிப்பவனுக்கா? நாற்பது பேரை அடைத்த மீன்பிடி வள்ளத்துக்குள் குந்தியிருப்பவனுக்கு ஒன்றரை மீற்றர் எவ்வளவென்று எந்தக் கருவி அளந்தது? இதையெல்லாம் அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அங்கே நான் தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரிமேல் வந்த கோபத்தைவிட அந்தத் தலைமேல் வந்த கோபம் பெரிது.

விளக்கம் எழுதிக் கொடுக்கப் பதினான்கு நாள் தந்தார்கள். அவனுடைய வழக்கறிஞர் என் வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்று அவனிடம் கேட்டார். அவன் சொன்னது அரைப் பக்கம்கூட வரவில்லை. அதைத்தான் அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

விசாரணையன்று ரயிலில் திரும்பி வரும்போது அதிகாரியையும் காற்றையும் என்னையும் மாறிமாறித் திட்டிக்கொண்டு வந்தேன். அவன் லிட்கம் வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தான். இறங்கும்போது சொன்னான்:

“விடுங்கோ அண்ணை. நான் வழி முழுக்கச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு கீழ்த்தட்டில கிடந்தனான். கடலையே காணேல்லை. நீங்கள் எழுதினதை வாசிச்ச பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.”