பரண்மேல் இருந்தவள்

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற பெண்களில் பரிபூரணத்தைத் தெரியாதவர்கள் குறைவு. நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் அம்புட்டு மெஷின் இரைச்சலையும் மீறி அவள் சிரிப்பு கேட்கும். சிலோன்காரி வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் காட்டிவிடும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்தெடுத்து வளர்ந்து, தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவள். அப்பேர்ப்பட்ட வாயாடிக்கு எண்பத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டில் வைத்து வாயடைத்துப் போனது.

தோட்டத்துச் சிநேகிதி அழகுத்தாய் சிலோனிலிருந்து வருகிறாள், ரெண்டு நாள் தங்குவாள் என்றுதான் தகவல். மதுரை பஸ்ஸிலிருந்து அழகுத்தாய் இறங்கினாள். அவள் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாய் இறங்கினாள். கூடக் கொழுந்தெடுத்த, செத்துப்போன வேலுத்தாய்!

"என்னடி, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற? சொல்லாம வரணும்னு நான்தான் அழகுத்தாய் வாயக் கட்டி வச்சேன்" என்று வேலுத்தாய் கட்டிக்கொண்டாள். பரிபூரணம் குனிந்து, அவள் பாதம் தரையில் பாவுகிறதா என்று பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? எண்பத்து மூணு கலவரத்தில் வேலுத்தாய் இருந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள், அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் மிச்சமில்லை என்று அங்கிருந்து வந்தவர்கள் சத்தியம் பண்ணிச் சொன்னார்கள். பொறவு கனவு வர ஆரம்பித்தது. வேலுத்தாய் வாசலில் நின்று, "கட்டத் துணி குடு" என்று கேட்பாள். வேலைக்குப் போனால் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். கோடாங்கி குறி பார்த்து, "ஒன்னத் தேடிக் கடல் தாண்டி வந்துருக்கா. வீட்டுத் தெய்வமா வச்சிக் கும்பிடு" என்றான். பரிபூரணம் ஓலைப்பெட்டியில் புதுச்சேலை வைத்து, வேலுத்தாய் பேரைச் சொல்லிப் பரணில் ஏற்றினாள். வருசா வருசம் தை வெள்ளிக்கு இறக்கி, சேலை மாற்றி, படையல் போட்டாள். தன் மகளுக்குப் பிள்ளை தங்கியதே வேலுத்தாய் புண்ணியம் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

உசிரோடு இருக்கிறவளுக்குப் படையல் போட்டால் ஆயுசு தேய்ந்துபோகும் என்பார்கள். அடிப்பாவி, கூடப்பிறக்காத பிறப்பை நானே கொன்றுகொண்டிருந்தேனா என்று தன்னையே வைதுகொண்டாள்.

வீட்டுக்கு வந்த வேலுத்தாய் நேரே பரணுக்குக் கீழேதான் உட்கார்ந்தாள். ரொம்பத்தான் இளைத்திருந்தாள். அவள் ஒரு தடவை இருமினால் பரிபூரணத்துக்கு உசிர் போய் வந்தது. அழகுத்தாய் பழங்கதை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். பரிபூரணம் சிரித்தாலும் கண் பரணுக்கே போகிறது. வேலுத்தாய் இங்கே சோறு தின்கிறாள் என்றால், அங்கே மேலே இருக்கிறது யார்? அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த குழம்புக் கரண்டி நழுவியது.

மறுநாள் மூணு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுக் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பால்கோவாவைப் பிரித்தபோது பரிபூரணத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வேலுத்தாய் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாத்தையும் கொட்டிவிட்டாள்.

"என்னை வஞ்சிரு. அடிச்சிரு. பெட்டிய இன்னைக்கே ஆத்துல விட்டுருதேன்."

அழகுத்தாய், "ஏட்டி, உசிரோட இருக்கவளயா கும்பிட்ட?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேலுத்தாய் கோபப்படவில்லை.

"கனவுல நான் எப்படி இருந்தேன்? இப்படி நரைச்சுப் போயா?"

"இல்லடி. கொழுந்தெடுக்கிறப்ப இருப்பியே, அந்தச் சின்ன வயசுல. ரெட்டைச் சடை."

வேலுத்தாய் முகம் கோணிப்போனது. "நான் எந்தக் காலத்துலடி ரெட்டைச் சடை போட்டேன்? அது என் மக மாரியாத்தா. நீ கப்பலேறும்போது இடுப்புல கெடந்தவ. பொறவு என்னையே உரிச்சு வச்ச மாதிரி வளந்துட்டா. அன்னைக்கு இருட்டுல அவ கையப் புடிச்சுக்கிட்டுத்தான் ஓடினேன். ஓடுற ஓட்டத்துல கை விட்டுப்போச்சு. உடம்புகூடக் கெடைக்கல. வவுனியாப் பக்கம் போய் ஒதுங்கின பொறவும், இருக்காளோ என்னமோன்னு அவளுக்கு ஒரு வெளக்குகூட நான் ஏத்தல."

மூணு பேரும் அழுதார்கள். போகிற வருகிற சனம் பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும்.

"பெட்டிய ஆத்துல விட்டுராதடி" என்றாள் வேலுத்தாய், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. "ஆனா எம்பிள்ளைக்குச் சேலை கட்டத் தெரியாது."

கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, பாவாடை தாவணி எடுத்துக் காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்து, பச்சைப் பாவாடை ஒன்றைத் தன் இடுப்பில் வைத்து நீளம் பார்த்தாள்.

"பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

அழகுத்தாய், கலவரம் முடிந்து இன்றைக்கு வரைக்கும் எத்தனை வருசம் என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். பரிபூரணம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பதினஞ்சு" என்றாள் வேலுத்தாய்.