கொன்றை உரித்த வழி

என் மகளுக்கு ஐந்து வயதில் விஷக்காய்ச்சல் கண்டு, இருபது நாளாகியும் இறங்கவில்லை. கஷாயத்துக்கும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி மருந்துக்கும் கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு குழந்தையை மலையுச்சி முருகனிடம் தூக்கி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் அது வழக்கம். உச்சி சேருமுன் ஒரு வார்த்தை பேசினாலும் வேண்டுதல் செல்லாது, வேண்டிக் கேட்ட உயிர் தங்காது என்பார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

ஆம்பூரில் எனக்கும் தம்பிக்கும் ஒரே தோல் ஷாப்பில் வேலை. அவன் சுண்ணாம்புக் குழியில் தோல் நனைப்பவன். நான் தோல் பதனிடக் கொன்றைப்பட்டை உரிக்க மலைக்காட்டுக்குப் போகிறவன். பட்டைக்காரர்கள் ஏறி இறங்கிய தடம்தான் கோயிலுக்கும் பாதை. உரித்த மரங்களைப் பார்த்துக்கொண்டே போனால் உச்சி வந்துவிடும். ஷாப்பில் எல்லாருக்கும் அது தெரியும்.

மார்கழி விடியலில், அடிவாரத்தில் தம்பிதான் மஞ்சள் துணியால் என் வாயைக் கட்டினான்.

"இறுக்கமா இருக்குதாண்ணே? இன்னிக்கு ஒரு நாளாச்சும் அண்ணி நிம்மதியா இருக்கட்டும்."

நெய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தான். குழந்தை என் தோளில் அனலாகக் கிடந்தாள்.

பாதி மலைக்கு மேல் பனி மூடியிருந்தது. பாதை வலப்புறம் திரும்பும் இடத்தில் தம்பி நேரே போனான். அங்கே புதிதாக உரித்த மரங்கள் வரிசையாக நின்றன. போன மாதம் அவற்றை உரித்தவன் நான். ஜாஸ்தி பட்டை வேண்டும் என்று மேஸ்திரி கேட்டதால், பாதையை விட்டு விலகிப் பள்ளத்து விளிம்புவரை உரித்துக்கொண்டே போயிருந்தேன். கடைசி மரத்துக்கு அப்பால் புல் மட்டும்தான், தரை கிடையாது. வாயைக் கட்டுமுன் அதை அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

குழந்தையை அணைத்தபடியே கை தட்டினேன்.

"தட்டுண்ணே, கொரங்கு கிட்ட வராது" என்றான், திரும்பாமலே.

மறுபடியும் தட்டினேன். குழந்தையோடு எட்டி நடந்தும் அவனைப் பிடிக்க முடியவில்லை, அவன் போய்க்கொண்டே இருந்தான். துணியை இழுக்கக் கை போனது. குழந்தையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது.

கல் உருளும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் துணியைப் பிடுங்கி அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

உச்சிக்குப் போகவில்லை. ஷாப்பு ஆட்கள் கயிறு கட்டி இறங்கி, சாயங்காலம் அவனைக் கொண்டுவந்தார்கள்.

"நீங்க கூப்புடலியா மாமா?" என்று தம்பி பெண்சாதி கேட்டாள்.

"கை தட்னேம்மா."

"கை தட்னீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாய் திறந்துவிட்டதால் குழந்தையும் போய்விடுவாள் என்று மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலையில் உடம்பு வேர்த்து, கஞ்சி கேட்டாள். என் மனைவி அழுதுகொண்டே விளக்கேற்றினாள். நானும் கும்பிட்டேன். வேண்டுதல் முறிந்த பிறகும் பிழைத்தாளே, அவன் விழப் பத்தடி முன்னாலேயே முறித்திருந்தால் இருவரும் இருந்திருப்பார்களே என்று கும்பிட்ட கையோடு நின்றேன்.

முருகனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. வாயைக் கட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. இன்றும் காலையில் கற்பூரம் ஏற்றி வாய் திறந்தால் முதலில் தம்பி பேர்தான் வருகிறது. சாமி பேர் அதற்குப் பிறகு.