கடைசி காசெட்டின் மூன்று நிமிடம்

சிறுவயதில் செய்த ஒரு தவறை, தலை முழுக்க நரைத்த பிறகு இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாங்கூன் நகரின் தாமுவே பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் சித்தப்பா இருந்தார். பகலில் குமாஸ்தா, மாலையில் கிட்டார். மேல்நாட்டுப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்துப் பர்மிய வரிகள் எழுதிப் பாடுவதுதான் அப்போது யாங்கூன் வழக்கம். காப்பிப் பாட்டு என்போம். சித்தப்பா பிடித்துக்கொண்டது ஸ்காட்லாந்துக்காரர்கள் நான்கு பேரின் குழுவை. கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஊர் திரும்பும்போதெல்லாம் அவர்களின் காசெட் ஒன்று வரும். முதல் அட்டையில் மழையில் நனைந்து சிரித்தார்கள். இரண்டாவதில் நல்ல கோட்டு. மூன்றாவதில் மூன்று பேர்தான்.

"டிரம்ஸ்காரன் கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டான்டா" என்று, சொந்தத் தம்பி வீட்டை விட்டுப் போனதுபோல் சித்தப்பா வருந்தினார். நான்காவது காசெட்டோடு குழுவே கலைந்துவிட்டது.

அந்தக் கடைசி காசெட்டிலிருந்து ஒரு பாட்டைச் சித்தப்பா பாடுவதாக ஏற்பாடு. அதுவரை உள்ளூர் இசைக்குழு ஒன்றில் பின்னால் நின்று வாசித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவில் முதல் வாய்ப்பு. ஊரில் வேறு யாரிடமும் அந்தக் காசெட் இல்லை.

சனிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனார். காசெட்டின் முதுகிலுள்ள ஓட்டையைக் காகிதத்தால் அடைத்தால் அதன்மேல் பதிவு செய்யலாம் என்று பள்ளியில் கேட்டிருந்தேன். அடைத்தேன். அவர்கள் குரலுக்குப் பக்கத்தில் என் குரலும் இருக்கட்டுமென்று ஞாயிறு பள்ளிப் பாட்டொன்றைப் பாடினேன். டேப் ரெக்கார்டரின் மைக் பழுதென்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவின் பாட்டு இருந்த இடத்தில் மூன்று நிமிடம் வெறும் இரைச்சல்தான் பதிந்தது.

மதியம் சித்தப்பாவின் இசைக்குழுவினர் பாட்டைக் கேட்டுப் பழக வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு தொடக்கத்திலேயே அறுந்தது.

"என்ன தம்பி, ஸ்காட்லாந்திலயும் கரண்ட் போயிடுச்சா?" என்றார் பர்மியரான தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தப்பா காசெட்டைத் திருப்பிப் பார்த்தார். காகிதத்தை நகத்தால் நெம்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவோரம் நின்ற என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கைதான் பட்டுடுச்சு, அக்கோ" என்றார், தலைவரைப் பர்மிய வழக்கில் அண்ணன் என்றழைத்து.

"பாடப்போறவனுக்கு இவ்வளவு அலட்சியமா?" என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வேறு பாட்டைப் பாடினார். சித்தப்பாவுக்கு அப்படியொரு வாய்ப்பு மறுபடி வரவில்லை. நானும் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அவர் இருந்த நாளெல்லாம் என்னை ஒருவர் முன்னாலும் தலைகுனிய விட்டதில்லை. அந்த நன்றி என்னிடம் அப்படியே இருக்கிறது. கேட்கத்தான் அவர் இல்லை.

அந்த ஞாயிறு மாலை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "மைக் ரிப்பேர்டா. பாடணும்னா எங்கிட்ட நேரா பாடு."

தப்பித்துவிட்ட மகிழ்ச்சியில் எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். எப்போதும் கூடச் சேர்ந்து பாடுகிறவர் அன்று வாயே திறக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.