அலமேலு ஆச்சிக்குத் துணைக்கு ஓர் ஆள்

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அலமேலு ஆச்சிதான் அந்தக் குடும்பத்துக்கே ஆஸ்பத்திரித் துணை. கொழுந்தன் குமரப்பனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தபோது வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தவள் அவள். அவன் கட்டிய மனைவிக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாதாம். பந்திங்கில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணன் ஞானசம்பந்தத்துக்குக் கண்புரை எடுத்தபோது வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவளும் அவளே. அக்காள் மகன் கார்த்திகேயனின் பெண்டாட்டி அம்பாங்கில் பிள்ளை பெற்றபோது, மிளகும் பூண்டும் அரைத்துப் பத்தியம் போட்டது யார் என்று கேளுங்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை, ஆகவே இவளுக்கு நேரம் நிறைய என்பது உறவுக்காரர்கள் எடுத்த தீர்மானம். இவளைக் கேட்டா எடுத்தார்கள்?

இப்பேர்ப்பட்டவளுக்குப் பல் டாக்டர் என்றால் பயம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் வைத்திய வண்டியில், ஈறு மரத்துப்போகும் முன்பே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அலறியவளை, நடிக்காதே என்று கன்னத்தில் தட்டினார்கள். அன்றிலிருந்து பல் கிளினிக்கின் வாடை மூக்கில் பட்டாலே அவளுக்குக் கைகால் சில்லிட்டு வாந்தி வந்துவிடும். பச்சைப்பிள்ளையின் கையை முறுக்கியவர்கள் அன்றைக்கு இராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இப்போது கீழ்க் கடைவாயில் ஒரு பல் உடைந்து, சீழ் பிடித்து, இரண்டு தடவை முகம் வீங்கி வடிந்தது. அடுத்த தடவை வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து, பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்று கிள்ளான் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பயந்தவர்களைப் பக்குவமாகப் பார்ப்பவர் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் பல் டாக்டர் நித்யாவிடம் அனுப்பிவைத்தார்.

நித்யா அவளை நாற்காலியில் ஏற்றவில்லை. வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள்.

“பயப்படுறது ஒரு குத்தமில்ல ஆன்டி. வழி இருக்கு. மூக்குல மூடி வெச்சு கேஸ் குடுக்கலாம். முழிச்சுதான் இருப்பீங்க, மனசு லேசாயிடும், நிறுத்துனா சீக்கிரம் தெளிஞ்சிடும். இல்லன்னா முன்னாடியே மாத்திரை போட்டா தூக்கக் கலக்கமா இருக்கும். மூணாவது, கை நரம்புல மருந்து. பாதித் தூக்கம் மாதிரி. கூப்பிட்டா கேக்கும், முடிஞ்சப்புறம் பெருசா ஞாபகம் இருக்காது. எதுன்னாலும் ஈறுல மரத்துப்போற ஊசி உண்டு. அது நல்லா வேலை செஞ்சப்புறம்தான் பல்லையே தொடுவேன்.”

“முழுசா தூங்க வெச்சிட முடியாதா?”

“அதுக்கு ஆஸ்பத்திரி போகணும். உங்களுக்கு அவ்ளோ தேவையில்ல லா.”

அலமேலுவுக்கு எப்போதும் மூக்கடைப்பு, அதனால் கேஸ் சரிப்படாது. மாத்திரை ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும், இவ்வளவு பயத்துக்கு அதை நம்ப முடியாது. நரம்பு மருந்தென்றால் அளவு பார்த்து ஏற்றலாம், மூச்சையும் நாடியையும் கவனிக்கத் தனி டாக்டர் ஒருவர் கூடவே இருப்பார் என்று நித்யா விளக்கினாள்.

“இத்தனை வழி இருக்குன்னு எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?” அலமேலுவின் குரல் நடுங்கியது. பயத்தினால் அல்ல.

“பயம்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா ஆன்டி?”

“சொன்னேனே. சிரிச்சாங்க.”

நித்யா சில நிபந்தனைகள் போட்டாள். வெறும் வயிற்றோடு வரவேண்டும், கூட ஓர் ஆள் வரவேண்டும். அந்த ஆள் காத்திருந்து வீட்டுக்குக் கூட்டிப்போய், மறுநாள் வரை பக்கத்தில் இருக்கவேண்டும். மருந்தின் கிறக்கம் தீரும் வரை அடுப்பு பற்றவைக்கக்கூடாது, முக்கியமான கையெழுத்து எதுவும் போடக்கூடாது.

ஓர் ஆள்தானே என்று அலமேலு குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். கல்யாணம் என்றால் மூன்று பஸ் பிடிக்கிற கூட்டம் அது.

“ஒரு பல்லுக்கு மயக்கமா ஆச்சி? அடுத்து நகம் வெட்ட ஆம்புலன்ஸ் கூப்பிடுவீங்களா?” என்று குமரப்பன் போட்டான். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

ஞானசம்பந்தம் போனிலேயே அழைத்தார். “அலமு, கண்ணை மூடிட்டு முருகான்னு உக்காரு. அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கு நான் பந்திங்லேருந்து வரணுமா?”

உன் கண்ணும் அதே அஞ்சு நிமிஷ வேலைதானே அண்ணே என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். கடைசியில் கார்த்திகேயன்தான் வருகிறேன் என்றான்.

குறித்த நாளில் வெறும் வயிற்றோடு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது அவன் அழைத்தான். “சித்தி, ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். நான் கீழ கார்ல இருக்கேன்னு சொல்லிடுங்க. முடிஞ்சதும் கிராப் டாக்சி போட்டு விடுறேன்.”

அவளும் சொல்லிப் பார்த்தாள்.

“மேல வரச் சொல்லுங்க ஆன்டி,” என்றாள் நித்யா. “ஆளைப் பாக்காம மருந்து ஏத்தமாட்டேன். வழியில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். “வரமாட்டான் டாக்டர்.”

நேற்று பழகிய டாக்டருக்கு இருந்த அக்கறை, இவள் கையால் குளித்து வளர்ந்தவனுக்கு இல்லை.

ரயிலேறி, பசியோடும் வலியோடும் வீடு வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டு ஜரீனா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடைக்காரி. முகத்தைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்கக் கேட்க அவளுக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்தக் கோபம் முதலில் பாய்ந்தது அலமேலுவின் மேல்தான்.

“பந்திங்ல கேட்டீங்க, அம்பாங்ல கேட்டீங்க. நடுவுல ஒரு சுவர்தான் அக்கா இருக்கு. நான் உங்க கண்ணுக்கு ஆளாத் தெரியலையா?”

உறவு என்று அலமேலு விரல் மடக்கியபோது ஜரீனா நினைவுக்கே வரவில்லை. அது நியாயமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நித்யா மறுபடியும் குறித்துக் கொடுத்த நாளில் ஜரீனா கடையை அடைத்துவிட்டு வந்தாள். டாக்டரிடம் போய் நின்று, “நான்தான் ஆளு, நல்லா பாத்துக்கங்க,” என்றாள். மருந்து ஏறியது. நித்யா வாயைத் திறக்கச் சொன்னது எங்கேயோ கேட்டது. கண் விழித்தபோது வாயில் பஞ்சு இருந்தது, பல் இல்லை. யாரும் கையைப் பிடித்து அமுக்கவில்லை. அதை நினைத்து அலமேலு அழுதாள். “வலிக்குதாக்கா?” என்று கேட்ட ஜரீனாவுக்கு இல்லை என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் குமரப்பன் அழைத்தான். ஜரீனாதான் எடுத்தாள்.

“ஆச்சிகிட்ட சொல்லுங்க, வியாழக்கிழமை எனக்கு வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாக்குறாங்க. மயக்கம் குடுப்பாங்களாம். கூட ஒரு ஆள் வேணுமாம். வழக்கம்போல வந்துடச் சொல்லுங்க.”

“அவங்க இன்னிக்குக் கையெழுத்தும் போடக்கூடாது, வாக்கும் குடுக்கக்கூடாதுண்ணே,” என்றாள் ஜரீனா. “டாக்டர் ஆர்டர். தெளிஞ்சதும் சொல்வாங்க.”

மறுநாள் காலையில் அலமேலு நன்றாகத் தெளிந்திருந்தாள். கஞ்சியை ஆற்றிக் குடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழுவில் நிதானமாக எழுத்துக் கூட்டி அடித்தாள்.

“குமரப்பன் தம்பிக்கு வியாழக்கிழமை துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நான் வரவில்லை. நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள்.”

எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நீலக் கோடு காட்டியது. இந்த முறை யாரும் சிரிப்புப் பொம்மை போடவில்லை.