ஆறு மாத அனுமதி

அப்பா ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். கம்பெனிக்குச் சாமான் செய்து தரும் சின்னப் பட்டறைகளுக்குப் போய், ஒரு படிவத்தை நிரப்பி, இவர்களிடம் வாங்கலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், மேஜை நாற்காலி டிசைன்தான் படிப்பேன், பெங்களூரில் ஓவியக் கல்லூரி இருக்கிறது என்று நான் குதித்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நேர்ல பாக்காம எந்த எடத்தையும் நான் பாஸ் பண்ண மாட்டேன், கண்ணு."

பாஸ் ஆகாவிட்டால் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக். அந்த விண்ணப்பம் ஏற்கெனவே டிவி மேல் இருந்தது. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்பாவுக்கு வார விடுமுறையான ஒரு புதன்கிழமை பஸ் ஏறினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் அப்பா பையிலிருந்து அட்டையை எடுத்தார். கிளிப்பில் கம்பெனிப் படிவம்.

"அப்பா, அது காலேஜ்ப்பா."

"இருக்கட்டுமே. அங்கயும் ஏதோ உள்ள போயி ஏதோ வெளிய வருதில்ல?"

கல்லூரியில் டியூப்லைட்டுகளை எண்ணினார். தீயணைக்கும் மணல் வாளி இல்லை. கல்லூரிப் பட்டறையில் உளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் ஜன்னலடியில் ஒரே குவியல், அதற்குப் பூஜ்யம். எதிரே வந்த பேராசிரியரை நிறுத்தினார்.

"உங்ககிட்ட ரிஜெக்‌ஷன் எவ்வளவுங்க சார்?"

அவர் கொஞ்சம் யோசித்து, "முதல் வருஷம் செய்யறது எல்லாமே ரிஜெக்‌ஷன்தான்" என்றார். அப்பா அதையும் குறித்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு. பாஸாக அறுபது வேண்டும்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு மாணவி நாற்காலி ஒன்றைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். அப்பா சேலத்துக்காரர், அவர் கன்னடம் அப்படி.

"நான் செஞ்சதுதான், அங்கிள்."

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"உக்காந்தா நல்லாருக்கு. எந்திரிக்கறப்ப முன்னால சாயுது. யாரும் சொல்லல, நானேதான் கண்டுபுடிச்சேன்."

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளந்த இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். பத்து நிமிடம் இருவரும் நாற்காலியின் அந்த ஒரு காலைப் பற்றியே பேசினார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் சந்தாபுரம் வரை அவர் படிவத்தின் மார்க்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "இருவது வருசமா பட்டறை பட்டறையா போறேன். எவனும் தன் சாமானத் தானே ஒடைச்சு நான் பாத்ததில்ல. மறைப்பானுங்க" என்றார்.

"அப்ப பாஸா?"

"மார்க் எங்க வந்திருக்கு?"

ஆனால் பேனாவை எடுத்து, படிவத்தின் கடைசி வரியில் எழுதினார்: நிபந்தனையுடன் அனுமதி. ஆறு மாதத்தில் மறு ஆய்வு.

வீட்டில் அம்மா அதைப் படித்துவிட்டு, "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தன நோண்ட மாட்டாங்க" என்றாள். பாலிடெக்னிக் விண்ணப்பம் மட்டும் டிவி மேலேயே இருந்தது.

நான் சேர்ந்தேன். சரியாக ஆறாம் மாதம், தன் வார விடுமுறை நாளில், அட்டையும் படிவமுமாக அப்பா கல்லூரி வாசலில் நின்றார். மணல் வாளி வந்திருந்தது. கருவிகள் அதே ஜன்னலடியில், மறுபடியும் பூஜ்யம். பட்டறையைச் சுற்றி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்னத்த ஒடைச்ச?"

"இன்னும் ஒண்ணும் ஒடைக்கலப்பா."

அதையும் எழுதிக்கொண்டார்.